டெல்லி லேப்டாப்பில் நான் திறந்த ஃபைல்

தப்பு உங்கள்மேல்தான், மேடம். ஒரு பம்ப்செட் பட்டறைக்காரன் கையில் மைக்கைக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். லேப்டாப்பையும் தொடவிட்டது உங்கள் தப்பு.

மேடம் யாரென்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டெல்லியிலிருந்து கோயம்புத்தூருக்குக் கூட்டம் நடத்த வந்த அதிகாரி. துடியலூரில் பட்டறை வைத்திருக்கும் நான் அந்தக் கூட்டத்துக்கு ஏன் போனேன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வைரஸ் எங்கள் கம்ப்யூட்டரை மொத்தமாகப் பூட்டி, பணம் கட்டினால்தான் திறப்பேன் என்றது. உள்ளே இருந்தவை என் மனைவி பூங்கொடி பதினைந்து வருடமாக வரைந்த பம்ப் டிராயிங்குகள். அவள் அழவில்லை. திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கோ யார் சட்டையைப் பிடிப்பதென்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில் கூட்டம் என்று தொழில் சங்கத்தில் சொன்னார்கள். இணையவெளியில் நாடுகள் எப்படிப் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும், அதற்கு மற்ற நாடுகளோடு நாம் என்ன பேச வேண்டும் என்று தேசியக் கொள்கை எழுதப்போகிறார்களாம். அடிபட்டவன் என்ற தகுதியில் என் பெயரையும் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் மோட்டார் எரிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். எரிந்த கம்பிச் சுருளைக் கழற்றிக் கொண்டுபோய் மேஜைமேல் போட்டால்தான் கம்ப்ளெயிண்ட் எடுப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். எங்களைக் கெடுத்த அந்த ஃபைல் மெயிலில் இன்னும் கிடந்தது. அதைப் பத்திரமாகப் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். (மூளை இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை.)

"ஏனுங்க, அதை எதுக்குங்க எடுத்துட்டு வாரீங்க?" என்றாள் பூங்கொடி.

"சாம்பிள் காட்டாம பேசுனா டெல்லிக்காரங்க நம்புவாங்களா? நீ சும்மா வா அம்மணி."

மேடையில் நீங்கள் நல்ல தமிழில் விளக்கினீர்கள், மேடம். ஒரு நாடு தன் மண்ணிலிருந்து அடுத்த நாட்டைக் கெடுக்க யாரையும் விடக் கூடாது. கெடுத்துவிட்டால், கேட்கும்போது மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் சூடேறியது. என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துக் கத்தினேன்.

"எந்த நாட்டுக்காரன் செஞ்சான்னு கேட்டீங்களா? கேட்டா அவன் நான் இல்லைம்பான். நீங்களும் டீயைக் குடிச்சுப்போட்டு வந்துருவீங்க. இந்தாங்க, அவன் அனுப்புனது இதுதானுங்க!"

அதே வேகத்தில் உங்கள் லேப்டாப்பில் பென் டிரைவைச் சொருகி ஃபைலைத் திறந்தேன்.

பெரிய திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. அதற்குள் பணம் கட்டக் கெடு வைத்துக் கடிகாரம் ஓடியது. காலையிலிருந்து எல்லோரும் சொன்ன கருத்துகள் அந்த லேப்டாப்பில்தான் இருந்தனவாம்; அத்தனையும் பூட்டிக்கொண்டன. மைக்செட்காரர்கூட வாயைப் பிளந்தார்.

"யாரோட பென் டிரைவ் இது?" என்றீர்கள்.

இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அரை நிமிடத்துக்கு முன் உலக நாடுகளையெல்லாம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"என்னுது இல்லீங்க. யாரோ கொடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

முன்வரிசையிலிருந்து பூங்கொடி எழுந்தாள்.

"மேடம், அது எங்களுதுதானுங்க. இவருதான் ஏத்துனாரு. வேண்டாம்னேன், கேக்கலீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "செஞ்சுபோட்டு இல்லைங்கறான்னு இப்பத்தானே திட்டுனீங்க? நீங்க என்ன பண்றீங்களாமா?"

மண்டபமே சிரித்தது. நீங்களும்தான். மைக் கையிலேயே இருந்ததால் அதிலேயே ஒப்புக்கொண்டேன். மாலைவரை நாங்கள் இருவரும் மேஜை மேஜையாகப் போய், ஒவ்வொருவர் கருத்தையும் மறுபடி கேட்டுக் கையால் எழுதிக் கொடுத்தோம். (சிலர் புதிதாக இரண்டு கருத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.)

டிராயிங்குகள் திரும்பவே இல்லை. பழைய பம்புகளைக் கழற்றி நான் வெர்னியர் வைத்து அளவு சொல்ல, அவள் முதலிலிருந்து வரைந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. "இந்த வளைவை நான் இப்படிப் போட்டிருக்க மாட்டனே" என்று தன் பழைய கைவாகையே தேடிக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி அவ்வளவு நேரம் அவ்வளவு பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்ததில்லை. அந்த நாட்கள் மறுபடி வராதா என்று இருக்கிறது. அதற்காக அந்த வைரஸ்காரனுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

வீட்டில் இன்றைக்கும் டம்ளர் உடைந்தால், பால் பொங்கி வழிந்தால், என் மகளிலிருந்து மாப்பிள்ளைவரை ஒரே பதில்தான்: "யாரோ கொடுத்தாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க." போன பொங்கலுக்குச் சம்பந்தியம்மாவும் சொன்னார்.

சிரிக்கட்டும். ஆனால் மேடம், நான் செய்ததை மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால் ஒப்புக்கொண்டேன். நான் கேட்டது மட்டும் அந்தச் சிரிப்பில் காணாமல் போய்விட்டது. எங்கள் கம்ப்யூட்டரைப் பூட்டியவன் எந்த நாட்டில் இருந்தான்? அந்த நாட்டை நீங்கள் கேட்டீர்களா? அவர்கள் என்ன சொன்னார்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். நான் நின்றதுபோல மைக்கைப் பிடித்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கேட்கவே இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள், பூங்கொடி காதில் விழும்படி.