எட்டுக் கைச் சட்டை

நாவல் எழுதுவதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தீர்மானித்தேன். பத்தரை என்பது என் கணிப்பு. பத்தே முக்கால் என்கிறாள் என் மனைவி. இரண்டையும் பதிவு செய்துவிடுகிறேன்.

வாய்மொழிக் கதைகளின் மாற்று வடிவங்களைத் திரட்டுவது என் தொழில். கதைகள் என்று பன்மையில் சொல்வதுகூட மிகைதான், ஒரே கதை. அண்ணனும் தங்கையும் பாதாளத்தில் இறங்கி, எட்டுக் கைப் பூதத்தை வென்று, கல்கதவைத் திறந்து, பழங்கால ரகசியம் ஒன்றைக் கண்டு திரும்புவார்கள். இதற்கு முப்பத்தோர் ஆண்டுகளில் நாற்பத்து மூன்று வடிவங்கள் சேர்த்திருக்கிறேன். அவை ஒலிநாடாக்களாகவும் அட்டைப்பெட்டிகளாகவும் எங்கள் வீட்டின் பின்னறையில் வசதியாக வாழ்கின்றன. மிச்ச இடத்தில் நாங்கள் வாழ்கிறோம்.

என் மனைவி துணி தைப்பவள். அவளுடைய இயந்திரம் குளியலறைக்குப் போகும் நடையில் கிடக்கிறது. நான் குளிக்கப் போனால் அவள் எழுந்து நிற்க வேண்டும்; எழுந்து நின்றால் தையல் கோணும்; தையல் கோணினால் அன்று முழுக்க நானும் கோணலாகத்தான் தெரிவேன்.

"என்னங்க, பின்னாடி ரூம் எனக்கு வேணும்."

"அது ஆய்வறை."

"யாரு ஆய்வு பண்றா? போன வாரம் ஒரு பல்லி போச்சு. அதுவும் திரும்பி வந்துடுச்சு."

"பதிப்பாளர் இளைஞர்களுக்கு ஒரு சாகச நாவல் கேட்டிருக்கார். என் கதையைத்தான் நாவலாக்கப் போறேன். அங்க உட்கார்ந்துதான் எழுதணும்."

"சரி, மூணு மாசம். நாவல் யாருதோ, ரூம் அவங்களுது. சம்மதமா?"

சம்மதித்தேன். நாற்பத்து மூன்று வடிவங்களைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டவன், இந்த ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

முதல் வாக்கியம் உடனே வந்தது: 'அண்ணனும் தங்கையும் பாதாளத்தில் இறங்கினார்கள்.' ஆனால் பத்தொன்பது வடிவங்களில் அவர்கள் அக்காவும் தம்பியும். ஆறில் இரட்டையர். பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவர் சொன்ன வடிவத்தில் இரண்டு ஆடுகள். அடிக்குறிப்பு இல்லாமல் இதைக் கடப்பது நேர்மையாகுமா? மேலும் 'இறங்கினார்கள்' என்பதற்கு 'விழுந்தார்கள்', 'தள்ளப்பட்டார்கள்', 'வழி கேட்கப் போனார்கள்' என்று பாடபேதங்கள் உள்ளன.

"பிள்ளைங்க இன்னும் இறங்கலையா?" என்றாள் மனைவி, ஒரு மாதம் கழித்து.

"ஏணியா, கயிறான்னு முடிவாகலை."

"குழி ஓரத்துல ஒரு மாசமா நிக்குதுங்களே, கால் வலிக்காதா?"

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. களப்பணியில் எனக்கொரு முறை உண்டு. ஒருவரிடம் கதையைச் சொல்லிவிட்டு, நான்கு நாள் கழித்துத் திரும்பச் சொல்லக் கேட்பேன். எது நினைவில் நிற்கிறதோ அதுவே கதையின் உயிர். மனைவியிடம் சொல்வோம், எது நிற்கிறதென்று பார்ப்போம், அதன்படி என் நாவலைச் செப்பனிடுவோம். ஓசையில்லாமல் அவளை வேலை வாங்கிவிடலாம் என்பதே திட்டம்.

பூதத்தை அண்ணன் வாளால் வெல்லும் அத்தியாயத்தைச் சொன்னேன். நான்காம் நாள் ஒலிப்பதிவுக் கருவியும் குறிப்பெழுதும் அட்டையுமாக நடையில் உட்கார்ந்தேன்.

"பூதம் வந்துச்சா," என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. "அண்ணன்காரன் வாளை எடுத்தான். 'போடா அந்தப் பக்கம்'னு தங்கச்சி சொல்லிட்டா. பூதத்தைப் பார்த்து, 'ஏம்பா, ஆயிரம் வருஷமா வெறும் உடம்போடயா நிக்கிறே?'ன்னு கேட்டா. பூதத்துக்கு அழுகையே வந்துடுச்சு."

"வாள்..."

"குறுக்க பேசாதீங்க. 'எட்டுக் கை இருக்குங்கம்மா, யாரும் தைச்சுத் தர மாட்டேங்கறாங்க'ன்னுச்சு. 'நான் தைக்கிறேன், ஆடாம கையைத் தூக்கு'ன்னா. எட்டுக் கையையும் தூக்கி நின்னுச்சு. இவ அளவெடுத்தா. பூதத்தோட இடுப்புல தொங்கின கல்கதவுச் சாவியை அண்ணன்காரன் அவுத்துக்கிட்டான். முடிஞ்சுது."

"நான் சொன்னது இது இல்லையே!"

"எனக்கு இப்படித்தான் ஞாபகம். திருத்திக்கவா?"

அங்கேதான் அகப்பட்டேன். சொல்பவரைத் திருத்தக்கூடாது என்பது முப்பத்தோர் ஆண்டு விரதம். அட்டையின் தலையில் வழக்கம்போல் எழுதினேன்: சொன்னவர், மனைவி. குறித்தவர், கணவர். இடம், குளியலறை நடை.

இப்படியே பதினான்கு அத்தியாயங்கள். கல்கதவுக்குப் பின்னால் நான் ஒரு கல்வெட்டு வைத்திருந்தேன். அவள் அங்கே ஓர் அரசியை உட்கார்த்தினாள்.

"அவளை யார் சிறை வெச்சது?"

"யாரும் வைக்கல. உள்பக்கமாத் தாழ் போட்டுக்கிட்டா. அதாங்க ரகசியம்."

மூன்று மாதம் முடிந்தபோது என் நாவல் எழுபது பக்கம் இருந்தது. அதில் கதை ஒன்றரைப் பக்கம். பிள்ளைகள் ஏணியில் மூன்றாம் படி வரை வந்திருந்தார்கள். மனைவி சொன்னதை அட்டைகளில் இருந்தபடியே, தலைப்புக் குறிப்புகளோடு, பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பினேன். சான்றை மறைத்தால் ஆய்வாளன் எதற்கு?

ஒரு வாரத்தில் பதிப்பாளர் தொலைபேசியில் வந்தார்.

"சார், பிரமாதம்! எங்க ஆபீஸே எட்டுக் கைச் சட்டையைப் பத்தித்தான் பேசுது. ஒரே ஒரு விஷயம். முன்னாடி இருக்கிற எழுபது பக்கத்தை எடுத்துடலாமா?"

"அதுதான் நாவல்."

"அப்படியா? முன்னுரைன்னு நினைச்சேன். சரி, அட்டைப்படம் இன்னிக்கே போகணும். நீங்க எழுதினதா, அம்மா எழுதினதா? யாரு பேரு போடட்டும்?"

மனைவி நடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. அவள் பார்வை என்மீது இல்லை. பின்னறை ஜன்னலின் அகலத்தில் இருந்தது. 'நான்' என்று ஒரு சொல் போதும், அறை எனக்கு. சொல்ல வாயைத் திறந்தேன். முப்பத்தோர் ஆண்டுப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அது குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. கதைக்கரு திரட்டியவருடையது. ஆனால் சொல்முறையை நோக்கினால்..."

"சார், சார். ஒரே கருத்து இருக்கிறவங்க யாராவது வீட்டுல இருந்தா, போனை அவங்ககிட்ட குடுங்க."

கொடுத்துவிட்டு, முதல் பெட்டியைத் தூக்கப் போனேன்.