பக்கத்து வீட்டுச் சிரிப்பு

இன்றைக்கு அவளைக் கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் நான் ஆண்பிள்ளையே இல்லை என்று சபதம் போட்டுக்கொண்டுதான் பல்செட்காரர் வேலைமேசையை விட்டு எழுந்தார். சபதத்தை மனசுக்குள்தான் போட்டார். பதினோரு வருஷக் குடித்தனத்தில் சத்தமாகச் சபதம் போடுகிற வழக்கமெல்லாம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

ஊரில் பாதிப் பேர் அவர் செய்துகொடுத்த பல்லை வைத்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனுஷனுக்குச் சொந்த வீட்டில் சிரிக்க வழியில்லை. மனைவி கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். பெண்ணுரிமைக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. மாதம் ஒரு காமெடிப் படத்தைப் பத்திரிகையில் தோலுரித்துத் தொங்கவிடுவாள். பல்செட்காரருக்கோ அந்த மாதிரிப் படங்கள்தான் உயிர். குண்டுப் பெண்டாட்டிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிகிற புருஷன், நர்ஸைத் துரத்துகிற நோயாளி, ஒருத்தன் வயிற்றுக் கோளாறை வைத்தே அரைமணி நேரம் என்று ஓடினால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணமான மூன்றாம் மாதம், "இந்த மாதிரிப் படம் இனிமே இந்த வீட்டில ஓடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவரும் விட்டுவிட்டார். மனைவியின் கொள்கைக்காகத் தியாகம் செய்தவர் என்று நண்பர்களிடம் மார் தட்டிக்கொண்டார். உள்ளுக்குள் வயிறு எரிந்தது.

இப்போது நாலு சனிக்கிழமையாக ஒரு கூத்து. மத்தியானம் ஆனால், "துணி அளவு கொடுத்துட்டு வரேன்" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்விடுகிறாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய வேலையறைச் சுவர் வழியாகச் சிரிப்புச் சத்தம் வருகிறது. சாதாரணச் சிரிப்பா அது? மூச்சு முட்டி, நடுவில் விக்கல் எடுத்து, "ஐயோ போதும்" என்று கெஞ்சுகிற சிரிப்பு. யாருடையது என்று முதல் இரண்டு வாரம் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது கையிலிருந்த மெழுகு அச்சு நழுவித் தரையில் விழுந்து நசுங்கியது. தன் மனைவிக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே அவருக்குத் தெரியாது.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் தானும் உட்கார வேண்டும் என்று அவருக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. பிடித்துவிட்டால் தடை தானாக உடையும். அப்புறம் வாரா வாரம் ஒரே சோபா, ஒரே படம், இரண்டு பேர்.

தையல்காரம்மாவுக்கு மேல் வரிசைப் பல்செட் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமையே முடித்து, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார்.

டிவியில் ஒருத்தன் கால்சட்டை அவிழச் சிமெண்ட் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தான். வெட்டுத் துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

"இதுதான் அளவு கொடுக்கிற லட்சணமா?"

அவள் பதறவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க. அக்காவோட செட் முடிஞ்சிடுச்சா?"

"பேச்சை மாத்தாதே. இந்தப் படத்தைத்தானே போன மாசம் கிழி கிழின்னு கிழிச்சே?"

"ஆமா. எழுதறதுக்காக மூணு தடவை பார்த்தேன். மூணு தடவையும் சிரிச்சேன்."

"வெட்கமா இல்லை?"

"எதுக்கு? பொம்பளையை இதுல நடத்துற விதம் கேவலம். அவன் தொட்டியில விழறது சிரிப்பா வருது. ரெண்டும் நிஜம்தான். நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன்னு கடைசிப் பத்தியில எழுதியிருக்கேனே. படிக்கலையா?"

எங்கே படித்தார்? அவள் எழுதியதில் தலைப்பைத் தாண்டி அவர் போனதே கிடையாது. ஊருக்கே தெரிந்த திருட்டைத்தான் இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்.

"அப்போ என்னை எதுக்குப் பதினோரு வருஷம் பட்டினி போட்டே?"

தையல்காரம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு, பல்லை மாட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூணாம் மாசம் ஒரு படம் பார்த்தோம். அதுல குண்டா ஒருத்தி கார் கதவுல மாட்டிக்கிட்டுத் திண்டாடுவா. நீங்க படத்தையா பார்த்தீங்க? என்னைப் பார்த்தீங்க. முழங்கையால இடிச்சு, 'அப்படியே நீதான்'னு சொன்னீங்க. அப்புறம் ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு இடி."

"சும்மா தமாஷுக்கு..."

"படம் அவளைப் பார்த்துச் சிரிச்சுது. நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. அதை உங்ககிட்ட சொல்லிப் புரிய வைக்கிறதைவிட, கொள்கைன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

அவருக்குச் சுருக்கென்றது. அந்தப் படம் அவருக்கு ஞாபகமே இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"இனிமே இடிக்க மாட்டேன். கையைக் கட்டிக்கிட்டு ஓரமா உட்கார்றேன். ஒரே ஒரு சீன்."

"உட்காரட்டுமே, பாவம்" என்றாள் தையல்காரம்மா, புதுப் பல்லோடு.

உட்கார்ந்தார். இரண்டு கையையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டார். படத்தில் விருந்துக்கு வந்த குண்டம்மா நாற்காலியில் சிக்கி, நாற்காலியோடு எழுந்து நடந்தாள். தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். செட் அசையவில்லை. அவர் மனைவியும் ஆரம்பித்தாள். மூச்சு முட்டியது. விக்கல் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அந்தச் சிரிப்பு. குண்டம்மாவைப் பார்த்தா இவள் சிரிக்கிறாள்? இவளா? அவருக்குத் தாங்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் இடிக்கலையே" என்றார் அவர்.

"இடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அவர் எழுந்து, காலி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். தையல்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்து, "படத்தை நிறுத்திடவா?" என்றாள்.

"எதுக்குக்கா? அதான் அவர் கிளம்பிட்டாரே. நாற்காலி சீனை முதல்லேர்ந்து போடுங்க."