இடையன் ஏர்னஸ்றுக்கு ஒரு வீடு

ஒரு மனிதனை எப்படிப் புகழவேண்டும் என்று உலகத்துக்குக் கற்பித்தவர்கள் முந்நூறு வருடங்களுக்கு முந்திய ஆங்கிலப் புலவர்களே. இந்த மகத்தான உண்மை இத்தாலியின் பலெர்மோ நகரில் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் கிறிகோரி. அந்நேரம் அவர் கையில் இருந்தது தூசி தட்டும் துணி.

மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்த கிறிகோரி, பக்கத்து ஊரான பகேரியாவில் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலப் பேராசிரியரின் புத்தகங்களைத் துடைத்து வந்தார். ஒரு புத்தகம் துடைத்தால் நாலு பக்கம் படிப்பார். பழைய இரங்கற்பாக்களும் புகழ்பாக்களும்தான் அதிகம். அவற்றில் செத்தவர் எல்லாரும் இடையர்கள், ஆறுகள் அழும், பூக்கள் தலைகவிழும். "நாகரிகம் எண்டால் இதெல்லோ!" என்று அவர் கண்கலங்கினார். தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் பலெர்மோ தமிழர் நற்பணி மன்றத்தின் 'கௌரவ செயலாளர்'. அந்த ஞாயிறு கூட்டத்தில் ஏர்னஸ்ற் எழுந்து நின்றான். கபோ சந்தையில் மீன் வெட்டுபவன். மனைவி றோசமலர் ஆறு வருடமாக மன்னாரில். வீடு ஒன்று காட்டினால்தான் விசா எடுத்து அவளை இத்தாலிக்கு எடுப்பிக்கலாம். ஒரேத்தோ ஆற்றங்கரையில் வாடகைக்கு ஒரு வீடு இருந்தது. வீட்டுக்காரச் சின்யோராவோ, அவன் நல்லவன் என்று கடிதம் கேட்டாள்.

தலைவர் பீலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். நிலைமை பாரதூரமானது என்று அர்த்தம்.

"உயிரோட இருக்கிற ஆளைப் புகழ்ந்து மன்றம் இதுவரைக்கும் ஒண்டும் எழுதேல்லை. செத்தவீட்டுக்குக் கல்வெட்டுப் புத்தகம்தான் அடிச்சிருக்கிறம்."

"அதுக்கு நான் சாகோணுமோ தலைவர்?"

"செத்தால் அலுவல் கெதியா முடியும் தம்பி. ஆனால் மன்றம் வற்புறுத்தாது."

கிறிகோரி எழுந்து, ஆங்கில முறை கைவசம் இருப்பதாக அறிவித்தார். தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது; இரண்டு பேர் நித்திரையில் இருந்தார்கள்.

மூன்று நாளில் கடிதம் இத்தாலியனில் தயார். கிறிகோரி தமிழில் சொல்லிக் காட்டினார்: "தூய இடையன் ஏர்னஸ்ற்! உன்னைப்போல் இனி யார்? உன் றோசமலர் தனியே வாடுகின்றாளே, ஒரேத்தோ ஆறும் அழுகின்றதே..."

"அண்ணை, நான் ஆடு மேய்க்கிறேல்லை. மீன் வெட்டிறன்."

"இங்கிலிசிலை நல்லவன் எல்லாம் இடையன்தானடா."

"ஒரேத்தோவிலை தண்ணியே இல்லை. என்னெண்டு அழும்?"

"அழுதழுதுதான் வத்தினது."

தலைவர் முத்திரை குத்தினார். கிறிகோரியும் ஏர்னஸ்றும் போய்க் கதவைத் தட்டினார்கள்.

சின்யோரா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கடிதத்தை வாங்கி வாசித்தாள். இரண்டாம் பந்தியில் சங்கிலி கழன்றது. நாலாம் பந்தியில் சிலுவை அடையாளம் போட்டாள்.

"ஐயோ பாவம்! எப்போது போனார்? அந்த விதவைக்கு இனி யார் துணை? உடனே கூப்பிடுங்கள். வீடு அவளுக்குத்தான்!"

கிறிகோரிக்கு அப்போதுதான் உறைத்தது. புகழை மட்டும் இறக்குமதி செய்யப்போய், சாவையும் சேர்த்து இறக்கியிருந்தார். திருத்த வாயெடுத்தார். அதற்குள் சின்யோரா, செத்தவனின் தம்பியாக்கும் என்று நினைத்து, ஏர்னஸ்றின் கையில் வீட்டுத் திறப்பை வைத்து அழுத்தினாள்.

"இப்படியும் ஒரு மனிதரா! உயிரோடு ஒரே ஒருநாள் என் கண்ணில் பட்டிருந்தால், கடிதமே கேட்டிருக்க மாட்டேனே!"

ஏர்னஸ்ற் தமிழில் பல்லைக் கடித்தான். "அண்ணை, போன மாசம் நாலுதரம் உந்தக் கதவடியிலை நிண்டது ஆரெண்டு இவவைக் கேளுங்கோ."

"பொத்தடா வாயை," என்றார் கிறிகோரி, ஆங்கிலப் புலவர்களுக்கே உரிய துக்கத்தோடு தலையைக் குனிந்தபடி. "உனக்கு உயிர் வந்தால் வீடு போயிடும்."