வந்துக்கிட்டிருக்கும் மூன்றாவது பெட்டி

சரிக்குறியார் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சரிபார்ப்பது இவருடைய வேலை. அதில் பார்ப்பதை விட்டுவிட்டு, சரியை மட்டும் வைத்துக்கொள்வார். இவரை மூன்று அடையாளங்களால் கண்டுகொள்ளலாம். மூன்றும் பொருந்தினால் அந்த ஆள் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள்.

முதல் அடையாளம், எந்தப் படிவத்தையும் அடியிலிருந்துதான் தொடங்குவார். கையெழுத்துப் போடும் இடம் முதலில் தெரிந்தாக வேண்டுமே. கானா நாட்டில் எங்கள் குமாசி மருத்துவமனையில் இந்தப் பதவியை அலங்கரிப்பவர் திருவாளர் ஒபெங். நோயாளிகளின் ஸ்கேன் படங்களையெல்லாம் ஒரே சர்வரில் அடைக்காமல், பலவற்றில் பிரித்து வைத்து, ஒன்று படுத்தாலும் மற்றவை தாங்கும்படி ஒரு மென்பொருளைப் போடலாம் என்று முடிவானபோது, அதற்கு எத்தனை சர்வர், எந்த ரக வட்டு, எவ்வளவு நினைவகம், எந்த வேகத்தில் வலை இணைப்பு என்று பத்துப் பக்கப் பட்டியல் வந்தது; ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். ஒரு தட்டு வாச்சே சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒபெங் அத்தனை கட்டத்திலும் பச்சை மையில் டிக் போட்டுவிட்டார். சர்வர் அறைக்குள் போனாரா? ஏசி குளிர் அவருக்கு ஆகாது.

அந்த அறைக்குப் பொறுப்பான செர்வாதான் கேட்டாள்.

"சார், குறைஞ்சது மூணு சர்வர்னு போட்டிருக்கு. உள்ள ரெண்டுதானே இருக்கு?"

"மூணாவது வந்துக்கிட்டிருக்கு, தங்கச்சி."

"எங்கேருந்து?"

"தேமா துறைமுகத்துலேருந்து. கிளம்பினா வந்த மாதிரிதானே."

இரண்டாவது அடையாளம் இந்த 'வந்துக்கிட்டிருக்கு'. எங்கள் ஊரில் எழுந்து போகிறவர் 'இதோ வர்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். தமிழருக்கு இது புதிதா என்ன? மூன்றாவது சர்வரும் அப்படியொரு 'வர்றேன்' சொல்லிவிட்டு எட்டு மாதமாகத் துறைமுகத்தில் குந்தியிருந்தது. டிக்கை நம்பி, இருந்த இரண்டிலேயே மென்பொருளை ஏற்றிவிட்டார்கள்.

மூன்று இருந்தால், ஒன்று படுத்ததும் மற்ற இரண்டும் நாங்களே பெரும்பான்மை என்று வேலையைத் தொடரும். இருப்பதே இரண்டென்றால் மிஞ்சிய ஒன்று யாரைக் கேட்கும்? போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்று படுத்தது. மற்றது கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு படமும் திறக்கவில்லை. அன்று வயிற்றுக் கட்டியை எடுப்பதற்காக, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் படுத்திருந்தார் மீன்கார அம்மா எஃபுவா. படம் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டார். சமாதானம் சொல்லப் போன ஒபெங் படிவத்தையும் கையோடு கொண்டுபோனார்.

"நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. இதோ டிக் போட்டிருக்கு பாருங்க. ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி, அதுவும் வந்துக்கிட்டிருக்கு."

எஃபுவா படிவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வரட்டும் ஐயா. என் வயித்துல இருக்கிறதும் வளந்துக்கிட்டிருக்கு."

அந்தப் பச்சைப் பேனாவாலேயே ஒபெங்கைக் குத்தலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. குத்தவில்லை. அந்தப் படிவத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே, ஸ்கேன் பிரிவின் சார்பில் இருந்தது என் கையெழுத்து. அவர் பார்த்திருப்பார் என்று நினைத்துப் போட்டேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்களாக்கும். சிரியுங்கள். மூன்று அடையாளம் என்றேன், இரண்டைத்தான் சொல்லியிருக்கிறேன். இத்தனை தூரம் தலையாட்டிக்கொண்டு வந்தீர்களே, எண்ணிப் பார்த்தீர்களா?

மூன்றாவது வந்துக்கிட்டிருக்கு.