சத்தம் போடாத டயரும் புரட்டாசி முடிஞ்ச ஞாயித்துக்கிழமையும்

போன புரட்டாசியில வண்டிக்கு டயர் மாத்தினேன். அவ்வளவுதாங்க வேலை.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். தரங்கம்பாடியில மீன் எடுத்து, கும்பகோணம் தாண்டி பாபநாசம் பக்கத்து ஊர்கள்ல தெருத் தெருவா விக்கறது எங்க பொழப்பு. விக்கறது நான். வண்டி ஓட்டறது இவரு, என் வீட்டுக்காரர்.

வண்டி ஒரு பழைய பிக்கப். வேதாரண்யத்துல உப்பு ஏத்திக்கிட்டிருந்தவர்கிட்ட வாங்கினது. சேத்துல சிக்காம இருக்கறதுக்காக, கட்டை கட்டையா பட்டன் வச்ச டயர் போட்டிருந்தார் மனுஷன். சேத்துல அது ராஜாதான். தார் ரோட்டுல ஏறினா ஊளை!

சும்மா ஊளை இல்ல. வேகம் கூடக் கூட சுதியும் ஏறும். நாங்க ரெண்டு பேரும் வண்டிக்குள்ள பேசறது வெளியில இருந்து பாத்தா சண்டை மாதிரி இருக்கும். போன்ல ஆர்டர் எடுக்கலாம்னா, "ஏன்க்கா, ரைஸ் மில்லுலயா நிக்கறீங்க?"ன்னு கேப்பாங்க.

புரட்டாசி வந்தா எங்க வாடிக்கைக்காரங்க முக்கால்வாசிப் பேர் கவுச்சி தொட மாட்டாங்க. அந்தப் பக்கம் போறதையே நிறுத்திடுவோம். சும்மா இருந்த நேரத்துல நான் என்ன பண்ணேன்? போன்ல டயர் வீடியோவா பாத்துத் தள்ளினேன். பத்தாவது வீடியோ முடியறப்ப நான் ஒரு டயர் நிபுணர் ஆயிட்டேன். யாரும் சொல்லல, நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

கும்பகோணத்துல டயர் கடைக்குப் போனோம்.

"சொல்லுங்கம்மா, என்ன டயர் பாக்கறீங்க?"

"ஹைவேயில சத்தமே வரக்கூடாது. மழையிலயும் புடிக்கணும், சித்திரை வெயிலுலயும் தாங்கணும். எல்லா சீசனுக்கும் ஆகற டயர்."

கடைக்காரர் இவரைப் பாத்தார். இவரு கூரையைப் பாத்தாரு.

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஒவ்வொரு டயரா அமுக்கிப் பாத்தேன். மோந்து பாத்தேன். புரட்டிப் போட்டு அடிப்பக்கம் பாத்தேன். செவுள் இருந்தா அதையும் தூக்கிப் பாத்திருப்பேன்.

"அம்மா, அது மீன் இல்லம்மா"ன்னார் கடைக்காரர்.

"இருக்கட்டும். இது எப்ப புடிச்சது?"

"செஞ்சதும்மா. இதோ, பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கு பாருங்க. எந்த வாரம், எந்த வருஷம்னு இதுலயே தெரியும்."

அடடா! மீனுக்கும் இப்படி ஒரு நம்பர் அடிச்சு வந்தா பாதி வாய்ச்சண்டை மிச்சம்னு தோணிச்சு.

ரொம்ப வழவழன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைக் கேட்டேன். "அது கார் டயரும்மா. சத்தம் வராது, ஆனா உங்க ஐஸ் பொட்டி லோடுக்கு ரெண்டே மாசத்துல வயிறு வீங்கிடும்"னுட்டார். கடைசியில லோடும் தாங்கி, சத்தமும் போடாதது ஒண்ணு எடுத்துக் காட்டினார். நீளநீளமா கோடு, இடையில சின்னச் சின்னக் கட்டம். கட்டம் எல்லாம் ஒரே அளவா இருந்தாத்தான் இரைச்சல் சேந்து கேக்குமாம். இதுல பெருசு சிறுசா மாத்தி மாத்தி வச்சிருக்காங்களாம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்"னேன். நாலாவது வீடியோவுல வந்துச்சு.

பழைய டயரை அங்கேயே தள்ளிட்டோம். "இன்னும் நல்லாத்தாம்மா இருக்கு, யாராவது கேட்டா போட்டு விட்டுடுவேன்"னார். "யார் தலையிலயாவது கட்டுங்க"ன்னு வாழ்த்திட்டு வந்தேன்.

திரும்பற வழியெல்லாம் அமைதி. அப்படி ஒரு அமைதி! கண்ணை மூடி அனுபவிச்சுக்கிட்டே வந்தேன். அப்பத்தான் பக்கத்துல ஒரு குரல்.

"டயர் வாங்க வந்தாளா, மாப்பிள்ளை பாக்க வந்தாளா... மோந்து வேற பாக்கறா..."

"என்ன சொன்னீங்க?"

இவருக்கு ஸ்டியரிங்கே ஆடிப்போச்சு. "கேட்டுச்சா?"

கேட்டுச்சு. அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு, இந்த மனுஷன் வண்டி வாங்கின நாள்லேந்து சும்மா வரல, முணுமுணுத்துக்கிட்டே வந்திருக்காருன்னு. ஊருக்கு வர்றதுக்குள்ள எங்க அம்மாவைப் பத்தி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன். மாயவரத்துலேந்து ரெண்டு பேரும் பேசல.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

புரட்டாசி முடிஞ்சு வர்ற முதல் ஞாயித்துக்கிழமை இருக்கு பாருங்க, மீன் விக்கறவளுக்கு வருஷத்துலயே பெரிய நாள் அதுதான். ஒரு மாசம் வாயைக் கட்டினவங்க அன்னிக்கு முள்ளைக்கூட விட மாட்டாங்க. தீபாவளி வேற பக்கத்துல. புள்ளைங்க துணிமணி எல்லாம் அன்னிக்கு விக்கறதை நம்பித்தான். வஞ்சரம், சங்கரா, எறா, நண்டுன்னு வண்டி கொள்ளாம ஏத்தியாச்சு. ஐஸ் மதியம் வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் மீனும் தாங்காது, நானும் தாங்க மாட்டேன்.

முதல் தெருவுக்குள்ள திரும்பினோம். எப்பவும் வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே பத்துப் பொம்பளைங்க சட்டியோட வாசல்ல நிப்பாங்க.

அன்னிக்கு ஒரு நாய் நின்னுச்சு. அதுவும் பரிதாபமா பாத்துச்சு.

"எல்லாரும் தூங்கறாங்களோ?"ன்னேன்.

"ஊரே புரட்டாசியை நீட்டிட்டாங்க போல"ன்னாரு இவரு. இதுவும் தெளிவாக் கேட்டுச்சு.

ஹாரன் அடிச்சோம். ரெண்டு வீட்டுக் கதவு தொறந்துச்சு. காலி கேனைத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் ஓடி வந்தார். "தண்ணி வண்டி இல்லையா?"ன்னு கேட்டுட்டு, கேனைப் பாத்தார், மீனைப் பாத்தார். "மீன் வரலன்னு இப்பத்தாங்க கோழி வாங்கிட்டு வந்தேன்"னு உள்ள போயிட்டார்.

கூவிப் பாத்தேன். இத்தனை வருஷ வியாபாரத்துல கூவினதே இல்ல. "மீனு... மீனேய்..." சத்தம் பாதியிலேயே உடைஞ்சுபோச்சு. நாய் எழுந்து போயிடுச்சு.

அடுத்த தெருவுலயும் அதே கதை. பொட்டிக்கு அடியில ஐஸ் தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது. உண்மையாவே அழுகை வந்துடுச்சுங்க.

அப்பத்தான் கேட்டுச்சு அந்தச் சத்தம்.

ஊஊஊஊ...

என் வண்டிச் சத்தம்! நான் வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன், என் வண்டிச் சத்தம் அடுத்த தெருவுல போகுது!

அடுத்த நிமிஷம் இந்தத் தெருவுல இருந்த கதவெல்லாம் படபடன்னு தொறந்துச்சு. பொம்பளைங்க சட்டியும் பையுமா ஓடி வர்றாங்க. எங்க? எங்களைத் தாண்டி! மீன் வண்டியைச் சுத்திக்கிட்டு, மீன் வாங்க, அடுத்த தெருவுக்கு ஓடறாங்க!

"அடியே ராஜேஸ்வரி! நான் இங்க இருக்கேன்டி!"ன்னு கத்தினேன். எங்கிட்ட வாராவாரம் வாங்கறவ அவ. திரும்பிக்கூடப் பாக்கல.

நாங்களும் பின்னாலயே விட்டோம். போய்ப் பாத்தா, இன்னொரு பழைய பிக்கப்பைச் சுத்திக் கூட்டம். வண்டி நிறைய மாட்டு எரு. டிரைவர் தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறையா நிக்கறார்.

"தாயே, நான் எரு வண்டிம்மா! வயலுக்குப் போறேன். ஏன் எல்லாரும் சட்டியை நீட்டறீங்க?"

ராஜேஸ்வரி இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. "மீன்காரக்கா வண்டிச் சத்தம் இதுல எப்படி வருது? மொதல்ல அதைச் சொல்லுங்க."

நான் இறங்கிக் கீழ பாத்தேன். கட்டை கட்டையா பட்டன். இடது பக்கப் பின் டயர்ல உப்பளத்துல வாங்கின பழைய வெட்டு. கடைக்காரர் சொன்ன சொல் தவறல, நல்லாவே போட்டு விட்டிருக்கார்.

"என் டயரு!"ன்னேன்.

"காசு குடுத்து வாங்கினதுக்கா!"ன்னு அந்தத் தம்பி பதறினார். பேர் முருகையனாம்.

அங்கேயே கொஞ்சம் வித்துச்சு. ஆனா இன்னும் ஏழெட்டுத் தெரு பாக்கி, ஐஸ் பாதி போயிடுச்சு. வெக்கத்தை விட்டேன்.

"தம்பி, ஒரு உபகாரம். எங்களுக்கு முன்னால மெதுவா... இல்ல, வேகமாவே போங்க. நாங்க பின்னால வர்றோம்."

"எருவை வச்சுக்கிட்டாக்கா?"

"எருவை வச்சுக்கிட்டுத்தான். ஒரு முழு வஞ்சரம் உங்களுக்கு."

முருகையன் யோசிக்கவே இல்ல.

அன்னிக்கு அந்த ஊர்க்காரங்க பாத்த ஊர்வலத்தை இனிமே எந்த ஊரும் பாக்காது. முன்னால எரு ஊளையிட்டுக்கிட்டே போகுது. கதவெல்லாம் தொறக்குது. பின்னால மீன் பூனை மாதிரி வருது. "என்னக்கா, ரெண்டு வண்டியா ஆயிடுச்சு? வியாபாரம் அமோகம் போல!"ன்னு ஒரு பாட்டிம்மா கேட்டாங்க. "ஆமாங்க"ன்னேன். வேற என்ன சொல்ல?

மதியத்துக்குள்ள பொட்டி காலி. கடைசி நண்டையும் ராஜேஸ்வரிதான் வாங்கினா. "இனிமே சத்தம் போடாம வந்தே, பாத்துக்க"ன்னு மிரட்டிட்டுப் போனா.

மறுநாள் முருகையனையும் கூட்டிக்கிட்டு அதே டயர் கடை. என் புது டயர் அவர் வண்டிக்கு, என் பழைய டயர் என் வண்டிக்கு.

கடைக்காரர் ரெண்டு வண்டியையும் மாத்தி மாத்திப் பாத்தார். அப்புறம், "சத்தம் வேணும்னு கேட்டு வந்த முதல் கஸ்டமர் நீங்கதாம்மா"ன்னார். முருகையனுக்கு வாயெல்லாம் பல்லு. இப்ப பாபநாசம் ரோட்டுல அலுங்காம குலுங்காம சொகுசா போறது மாட்டு எருதான்.

நாங்க ஊளையிட்டுக்கிட்டே வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில திரும்பிப் பாத்தேன். இவரு ரோட்டைப் பாத்துக்கிட்டு வாயை அசைச்சுக்கிட்டே வந்தாரு.

"என்ன சொன்னீங்க?"ன்னு கத்தினேன்.

"வஞ்சரம் நல்லா வித்துச்சுன்னேன்!"னு பதிலுக்குக் கத்தினாரு.

அஞ்சு கிலோமீட்டருக்கு வஞ்சரத்தைப் பத்தி என்ன பேச இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம், அதுக்குத்தான் டயர் இருக்கே.