உங்கள் நண்பரைப் புத்தூரில் இறங்க வேண்டாம் என்று சொல்லவும்

நகரி,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மச்சான் லோகேஸ்வரன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட சம்பத் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே கன்னிகா, பிள்ளைகள் அக்ஷயா, பிரித்திகா, என் அப்பா நைனா எல்லோரும் சுகம். நானும் சுகம்தான், உட்காரும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து உட்காருகிறேன். அரக்கோணத்தில் தாங்களும் கீர்த்தி அக்காவும் நலமாக இருக்க ஏழுமலையான் அருள்வாராக.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண் வெட்டியதை மறுபடி ஒட்ட வைத்துக்கொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று “நண்பர் ஒருவருக்காக” கேட்டிருந்தீர்கள். அந்த நண்பர்மேல் தங்களுக்கு இருக்கும் அக்கறை என்னை உருக்கிவிட்டது. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன தடவை தங்களுக்கு மட்டும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் குடும்பக் குரூப்புக்குப் போய், சத்தியவேட்டு வள்ளியம்மாள் அத்தை அதற்குக் கை கூப்பும் பொம்மை போட்டார். ஆகவே தபால்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் தாங்கள்தான். முதல் மனைவி ஷோபா காய்ச்சலில் போய், இரண்டு பெண் குழந்தைகளோடு நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது தங்கையைக் கொடுத்தீர்கள், நன்றி. கூடவே “காலைல போனா சாயந்திரம் வூட்டுக்கு வந்துடலாம் மாமா, ஜுஜுபி ஆபரேஷன்” என்று ஒரு வீடியோவையும் கொடுத்தீர்களே, அதற்கும் நன்றி. அதில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே படுத்து, சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். தங்கள் தங்கையோ குழந்தை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் என்ன செய்ய? ‘இரண்டே போதும்’ என்று அன்று சுவரில் எழுதியிருந்ததை நம்பி வெட்டிக்கொண்டவன் நான். இப்போது ஜனத்தொகை குறைகிறது, தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொல்கிறார்கள், சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள். எனக்கு யார் வெள்ளையடிப்பது?

சரி, திருப்பதிக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறினால், துணைக்கு வந்த நைனா புத்தூரில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். “எலும்பு ஒடைஞ்சாலே இங்க சேத்து குடுக்கறாங்க, இத்தினூண்டு நரம்பு சேக்க மாட்டாங்களா? திருப்பதிக்கு இன்னாத்துக்குடா?” என்றார். கட்டுப் போடும் இடத்தில் கையொடிந்தவர், காலொடிந்தவர் என்று கூட்டம். என் முறை வந்ததும் வைத்தியர், “எக்கட விரிகிந்தி?” என்று கேட்டார். எங்கே உடைந்தது என்று கேட்டவருக்கு நைனா தமிழில் பாதி, தெலுங்கில் பாதி, கையால் மீதி என்று விளக்கினார். கையொடிந்தவர்கூட வலியை மறந்து சிரித்தார். வைத்தியர் நல்ல மனுஷர். “பெத்தாயனா, இதுக்கு நம்மகிட்ட கட்டு இல்ல, டாக்டர்கிட்ட இட்டுனு போ” என்று நைனாவைப் பார்த்துக் கும்பிட்டார். வந்ததற்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று நைனா தன் முழங்காலுக்கு ஒரு கட்டுப் போட்டுக்கொண்டார். திருப்பதி ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைத்தான் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நோயாளியான நான் தள்ளிக்கொண்டு போனேன்.

டாக்டர் பெயர் யாமினி. ஆம், பெண். என் பெரிய பெண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரியவர் போல இருந்தார். காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். தங்கள் நண்பரிடம் சொல்லவும்: வெட்டி வருஷம் ஏற ஏறப் பலன் குறையுமாம். மனைவிக்கும் வயதுண்டு, அவருக்கும் பரிசோதனை உண்டு. மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்களாம், எப்படித் தைப்பது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். தைத்தாலும் உயிரணு வருமா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வந்தாலும் குழந்தை நிச்சயம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். இதில் எது ஜுஜுபி என்று தங்கள் வெள்ளைக்காரரைக் கேட்டுச் சொல்லவும்.

ஆபரேஷன் முடிந்தது. பளு தூக்காதே என்றார்கள், நைனாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். ஹெர்னியா என்று ஊருக்குச் சொல்லச் சொன்னேன், ஹார்லிக்ஸோடு பார்க்க வந்த எங்கள் தெரு முனிசாமியிடம் நைனா முழுக் கதையையும் சொல்லிவிட்டார். பிறகு டெஸ்டுக்குக் கொடுக்க ஒரு டப்பாவோடு என்னை ஒரு சிறு அறைக்குள் அனுப்பினார்கள். மனிதன் நிம்மதியாக இருக்க வேண்டிய நேரம், மச்சான். வெளியே நைனா கதவைத் தட்டி, “இன்னாடா பண்ணிக்கினு கீற, பஸ் பூடும்!” என்கிறார்.

ஆகவே நண்பருக்கு என் அறிவுரை: வேண்டாம். பெண்டாட்டி அழுதால் அழட்டும். நானும் இனி இந்தப் பேச்சை எடுக்கப்போவதில்லை, வருகிற ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்க்கப்போவதும் இல்லை.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம், அந்த நண்பருக்கு அனுதாபம்.

தங்கள்,
சம்பத்

பி.கு.: அண்ணா, நான் கன்னிகா. தபால்ல போடுன்னு குடுத்துட்டுப் போனாரு, படிச்சிட்டேன். ஒத்தக்கால்ல நின்னது நான் இல்ல. எனக்கு விஷயம் தெரியறப்பவே ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. பக்கத்து வூட்டு வளைகாப்புல, “புள்ள பெத்தவங்க மட்டும் வளையல் போடுங்க”ன்னு என்னத் தள்ளி நிக்க வெச்சாங்க. அத இவரு வாசல்ல நின்னு பாத்துட்டாரு. மறுநாளே திருப்பதி பஸ் ஏறிட்டாரு. எனக்கு அக்ஷயாவும் பிரித்திகாவும் போதும்ணா, அத எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆனா இவ்ளோ பட்ட மனுஷங்கிட்ட இப்போ எப்பிடி சொல்லுவேன்? பிரிச்சிப் பாக்க மாட்டேன்னு இன்னிக்கு எழுதியிருக்கறவரு, நேத்தே ரிப்போர்ட்டப் பிரிச்சிட்டாரு. உயிரணு கொஞ்சம்தான், ஆனா இருக்குதாம். ராத்திரி பூரா அழுதாரு, இப்போ மாமனாரோட காணிப்பாக்கம் புள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கப் போயிருக்காரு. எனக்கும் ஆச வந்துடுச்சு.

மொதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது பொண்டாட்டி மனசுன்னு உன் நண்பருகிட்ட சொல்லு. கீர்த்தி அண்ணிக்கு இப்பத்தான் போன் பண்ணேன். அந்த நண்பர அவங்களுக்கு நல்லாவே தெரியுமாம். சாயந்திரம் வூட்டுக்கு வரட்டும், பேசிக்கறேன்னாங்க.