ஆன்ரோடு சொல்தாவும் என் எலெக்ட்ரிக் காரும்

புதுச்சேரியில் ஓடுகிற அத்தனை கார்களின் விலையும் ஒரே மண்டைக்குள் இருந்தது என்றால், அது எங்கள் ரெட்டியார்பாளையம் ஆன்ரோடு சொல்தாவின் மண்டைதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம்; நேரில் கூப்பிடும்போது முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா. ஆன்ரோடு நாங்கள் சேர்த்த பட்டம். யாராவது கார் விலை சொன்னால் போதும், "அது ஷோரூம் வெல. வரி, இன்சூரன்சு எல்லாம் சேத்து ஆன்ரோடு எவ்ளோ, அதச் சொல்லு" என்று மடக்குவார். சொந்தமாக அவர் ஓட்டியது ஒரு பழைய மொபெட்.

அவரிடம்தான் நான் எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கப்போவதாக வாயைக் கொடுத்தேன். கார் என் மனைவிக்கு. வில்லியனூரில் டீச்சர். முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது, ஸ்கூட்டரை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விலை பேசுகிற சுவாரசியத்தில் இதைச் சொல்தாவிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பொறுப்பான கணவன்.

"அவசரப்படாத தம்பி. டிசம்பர்ல பழைய ஸ்டாக்கத் தள்ளிவுடுவான், தள்ளுபடி கொட்டும்" என்றார். டிசம்பர் வந்தது. "இப்ப வாங்கினா அடுத்த மாசமே ஒன் வண்டி போன வருஷத்து மாடல். நாளைக்கு நீ விக்கச் சொல்ல அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பான்" என்றார். தள்ளுபடி வருவதோ மார்கழியில். மார்கழியில் எவனாவது வண்டி எடுப்பானா என்றாள் என் அம்மா. ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசும் நானும் தலையாட்டினேன். தை பிறந்தது, விலை ஏறியது.

"பட்ஜெட் வரட்டும்" என்றார் சொல்தா. இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து முழு உரையையும் கேட்டோம். எங்கள் எஸ்யூவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு அவர் கண்டுபிடித்தது விழுப்புரம். எங்கள் ஊரில் சாலை வரி குறைவு என்று விழுப்புரத்தில் இருக்கும் என் மச்சான் தன் பெட்ரோல் காரை என் வீட்டு முகவரியில் பதிந்து, புதுச்சேரியின் பி.ஒய். நம்பரோடு சுற்றுகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவது என் வழக்கம். "எலெக்ட்ரிக்குக்கு அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வரியே இல்லியாம்" என்று சொல்தா சொல்ல, வெட்கத்தை விட்டு மச்சானுக்குப் போன் போட்டேன்.

"என்னா மாமா, எங்க ஊரு அட்ரஸ் வேணுமா?" என்று கேட்டவன் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு முகவரி கேட்க மனம் வரவில்லை; அதுவும் நடக்கவில்லை.

இப்படியே அடுத்த மார்கழியும் வந்துவிட்டது. புது பேட்டரி மாடல் வரப்போகிற செய்தியோடு சொல்தா வாசலில் நின்றிருந்தார். பள்ளியிலிருந்து வந்த என் மனைவி ஸ்கூட்டரை விட்டு இறங்கியவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். படி ஏற முடியவில்லை.

"என்னாம்மா ஆச்சு?" என்றார் சொல்தா.

"முதுகு முசியே. ஸ்கூட்டர் ஓட்டவே கூடாதுன்னாரு டாக்டரு. அதுக்குத்தான் காரு."

சொல்தா என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இதுக்கா காரு? எங்கிட்ட ஏன் சொல்லல? அவங்க முதுகுக்கு அடுத்த மாடலா வரப்போவுது?"

மறுநாளே ஷோரூமுக்கு இழுத்துப் போனார். அவரைக் கண்டதும் மேனேஜர் டீ சொல்லிவிட்டு உள்ளே நழுவினார். பாவம், அன்று நழுவத் தேவையில்லை. எந்த மாதத் தயாரிப்பு என்று சொல்தா கேட்கவில்லை, தள்ளுபடி கேட்கவில்லை. "கையில எது இருக்குதோ அதக் குடுங்க" என்றார். மார்கழியிலேயே எடுத்தோம்.

பொங்கல் முடிந்ததும் கம்பெனிக்காரன் விலையைக் குறைத்தான். அன்றிலிருந்து சொல்தாவைத் தெருவில் காணோம். ஆறுதல் சொல்லலாம் என்று, மனைவி காரை ஓட்ட, அவருடைய மாடி வீட்டுக்குப் போனேன். எவ்வளவு போயிற்று என்று வழியெல்லாம் போனில் கணக்குப் போட்டுக்கொண்டேதான் போனேன், அது வேறு விஷயம்.

சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள் அவர் மகள்.

"ஒன்ன அவசரப்படுத்திட்டேன் தம்பி. கொஞ்சம் பொறுத்திருந்தா..." என்றவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ இப்ப ராத்திரியில முனகாம தூங்குறா முசியே. கீழ காரோட நிக்கிறா. எழுந்திரிங்க, பீச்சு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றேன்.

நஷ்டம் என்னுடையது, அழுதவர் அவர். என் காசுக்காக அழ இந்த ஊரில் ஒருத்தர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைப் பிடித்து மெல்லப் படியிறக்கிக் கூட்டிவந்தேன்.